காரின் குளிர்காற்றில் கலக்கும் நாற்றம்

சொற்களுக்கும் மனிதரைப் போலவே வாழ்வும் தாழ்வும் உண்டு. பழந்தமிழில் 'நாற்றம்' என்னும் சொல் நறுமணத்தையே குறித்தது. மலரின் நாற்றம் என்று நம் முன்னோர் மகிழ்ந்து கூறினர். இன்றோ அச்சொல்லைக் கேட்ட அளவிலேயே மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். தமிழகத்தை விட்டுப் பெங்களூரில் வந்து குடியேறிய நம்மவர்க்கு இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. நமக்கு 'வாசனை' என்றால் மல்லிகையும் சந்தனமும் நினைவுக்கு வரும். கன்னட மக்களிடையே 'வாசனெ' என்பது எந்த மணத்திற்கும் பொதுவான சொல். பல வேளைகளில் அது கெட்ட மணத்தையே சுட்டும். ஆகவே பெங்களூர்ப் பட்டறை ஒன்றில், "வண்டியில் வாசனெ வருகிறதா?" என்று வினவினால், நாம் தெளித்த பன்னீரைப் புகழ்கிறார் என்று மயங்கிவிடலாகாது.

இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் அந்த வாசனெயைப் பற்றியதே. காரில் ஏறி அமர்ந்து ஏ.சி.யின் பொத்தானை அழுத்தியவுடன், நனைந்த சாக்கைப் போலவும் பல நாள் துவைக்காத காலுறையைப் போலவும் ஒரு நாற்றம் முகத்தில் வந்து அடிக்கிறதே, அஃது எங்கிருந்து வருகிறது? அதனை நீக்கும் வழி யாது? எந்த நாற்றம் வெறும் தொல்லை, எந்த நாற்றம் உயிருக்கே எச்சரிக்கை? இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

அல்சூர் ஏரிக்கு அருகே வாழும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். பெங்களூருக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய ஏழு வயது மகளுக்குச் சிறு வயது முதலே இளைப்பு உண்டு. ஒரு மழைக்காலத்தில், காலையில் பள்ளிக்குச் செல்லக் காரில் ஏறியவுடன் அக்குழந்தை இருமத் தொடங்கியது. பள்ளியில் இறங்கிய சற்று நேரத்தில் இருமல் தணிந்துவிடும். வண்டியில் லேசான நாற்றம் இருப்பதை நண்பரும் உணர்ந்திருந்தார். கடையில் வாங்கிய நறுமணப் புட்டி ஒன்றை முகப்பில் மாட்டினார், இருமல் மிகுந்தது. பட்டறை ஒன்றுக்கு ஓட்டிச் சென்றார். "ஏ.சி.யில் கேஸ் குறைந்துவிட்டது" என்று சொல்லிப் புதிதாக நிரப்பிக் கொடுத்தார்கள். குளிர் மிகுந்தது, நாற்றமோ இருந்தபடியே இருந்தது. இறுதியில் குழந்தையின் மருத்துவர்தாம், "காரில் ஏறினால் மட்டும் இருமுகிறதா? அப்படியானால் குழந்தையை விட்டுவிட்டு முதலில் காரைச் சோதியுங்கள்" என்றார்.

நிற்க. சோதனையில் கண்டது என்ன என்பதைப் பிறகு சொல்லுகிறேன். அதற்கு முன், காரின் உள்ளே காற்று எவ்வாறு குளிர்கிறது என்பதைச் சற்றே தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

காரின் முகப்புப் பலகைக்குப் பின்னால், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கமாக அடுக்கிய ஒரு சட்டம் இருக்கிறது. பட்டறையினர் அதனைக் 'கூலிங் காயில்' என்பர். எஞ்சினால் சுழலும் கம்ப்ரஸர் ஒரு குளிர் வாயுவை அழுத்தி அனுப்ப, அவ்வாயு முன்புறக் கண்டென்சரில் வெப்பத்தை இழந்து திரவமாகி, பின் இந்தக் காயிலுக்குள் விரிந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. புளோயர் எனப்படும் விசிறி அக்காயிலின் வழியே காற்றைத் தள்ள, குளிர்ந்த காற்று நம் முகத்தில் வீசுகிறது. மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கிறதே, அதே இயற்கை விதிதான் இங்கும் பணியாற்றுகிறது. வேறுபாடு யாதெனின், பானையில் ஆவியாகும் நீர் வெளியே போய்விடும். இங்கோ குளிர் வாயு மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. ஓட்ட ஓட்டச் செலவாகும் பொருளன்று அது. கசிவு இருந்தால் மட்டுமே குறையும். மேலும், இன்று கார்களில் பெரிதும் பயன்படும் வாயுவுக்குச் சொல்லத்தக்க மணமே இல்லை. ஆகையால் 'கேஸ் குறைந்ததால் நாற்றம்' என்பது பொருந்தாத கூற்று. நண்பரின் பணம் வீணானது இந்த ஓர் உண்மையை அறியாமையினாலேயாம்.

இனி நாற்றத்தின் பிறப்பிடத்திற்கு வருவோம். குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே முத்து முத்தாக நீர் அரும்புவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். செம்பு கசிவதன்று அது. காற்றில் கலந்துள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் பட்டு நீராகப் படிவதே. காரின் கூலிங் காயிலும் அத்தகையதே. பனி உறையாத அளவுக்குச் சற்று மேலான குளிரில் அது வைக்கப்படுகிறது. 25 பாகை செல்சியஸ் வெப்பமும் முற்றிலும் நிறைந்த ஈரமும் உள்ள காற்றில், கன மீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று 5 பாகைக்குக் குளிர்ந்தால் 7 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே தாங்கும். எஞ்சிய 16 கிராமும் நீராய்க் காயிலின் மீது படிந்தாக வேண்டும். அத்தகைய காற்று 100 கன மீட்டர் அதன் வழியே சென்றால், ஒன்றரை லிட்டருக்கு மேற்பட்ட நீர் சேர்ந்துவிடுகிறது. இந்நீர் அடியிலுள்ள தட்டில் விழுந்து, ஒரு சிறு ரப்பர்க் குழாய் வழியே வண்டிக்கு வெளியே சொட்டுகிறது. நிறுத்திய காரின் அடியில் தெளிந்த நீர் தேங்கியிருப்பதைக் கண்டு அஞ்சுவோர் உண்டு. அஞ்சவேண்டுவதில்லை, அது சொட்டுவதே நலம். சொட்டாமற்போனால்தான் கவலைப்பட வேண்டும்.

ஈரம் ஒன்று மட்டும் நாற்றம் தாராது. அதனோடு இரையும் இருளும் சேர வேண்டும். காற்றோடு வரும் தூசு, மகரந்தம், நம் உடலிலிருந்து உதிரும் நுண்ணிய தோற்பொருள், இலைத்துகள் ஆகியவை ஈரத் தகடுகளில் ஒட்டிக்கொள்கின்றன. இருளும் ஈரமும் மிதமான வெப்பமும் உள்ள அந்த இடத்தில் பூஞ்சைகளும் பாக்டீரியங்களும் குடியேறி, வழவழப்பான ஒரு படலமாய்ப் படர்கின்றன. கார்க் காயில்களைச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள் பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் முதலிய பூஞ்சைகளையும், மெத்திலோபாக்டீரியம் என்னும் பாக்டீரிய வகையையும் அங்கே கண்டிருக்கின்றனர். இவை வெளிவிடும் ஆவிகளே நம் மூக்கை எட்டும் நாற்றம். சில நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. முதல் மழையில் எழும் மண்வாசனைக்கும் அதுவே ஒரு காரணம். அம்மணத்திற்கு 1964-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிஞர் இருவர் 'பெட்ரிகோர்' என்று பெயரிட்டனர். வயலில் எழும்போது உள்ளத்தைக் குளிர்விக்கும் மணம், மூடிய காருக்குள் எழும்போது முகத்தைச் சுளிக்க வைக்கிறது. இடமறிந்து வந்தால்தானே எதற்கும் மதிப்பு!

பெங்களூரில் இத்தொல்லை ஏன் பலருக்கும் நேர்கிறது? கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரில் சென்னையைப் போன்ற கடும் வெப்பம் இல்லை. இங்கு நாம் ஏ.சி.யைப் பயன்படுத்துவது குளிருக்காக மட்டுமன்று. சாலைப் புழுதியைத் தவிர்ப்பதற்கும், இரைச்சலை அடக்குவதற்கும், மழையில் கண்ணாடியில் படியும் மூடுபனியை நீக்குவதற்கும் பயன்படுத்துகிறோம். வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டிற்கும் சிறு சிறு பயணங்கள். பத்து நிமிடம் ஏ.சி., பிறகு நிறுத்தம். காயில் நனைகிறது, உலர்வதற்குள் வண்டியைப் பூட்டிவிடுகிறோம். பெங்களூரின் மிதவெப்பம் நமக்கு இதமாயிருப்பது போலவே பூஞ்சைக்கும் இதமாயிருக்கிறது. போதாக்குறைக்கு, இந்நகரின் அழகுக்குக் காரணமான மரங்கள். தபேபுயா, ஜகரண்டா, குல்மோஹர், தூங்குமூஞ்சி மரம் ஆகியவை உதிர்க்கும் மலரும் இலையும் முன்கண்ணாடியின் அடியிலுள்ள பள்ளத்தில் விழுந்து மட்குகின்றன. காருக்குள் வெளிக்காற்று நுழையும் வாயில் அப்பள்ளத்தில்தான் இருக்கிறது. பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பர். மட்கிய பூவோடு சேர்ந்த காற்றின் நிலையை விளக்கவும் வேண்டுமோ?

எல்லா நாற்றமும் காயிலில் பிறப்பதன்று. ஆகவே மருத்துவன் நாடி பார்ப்பதுபோல முதலில் இடம் அறிதல் வேண்டும். அதற்கு எளிய சோதனைகள் சில உண்டு.

முதலாவது: புளோயரையும் ஏ.சி.யையும் போட்ட முதல் இரண்டொரு நிமிடங்களில் ஈர நாற்றம் மிகுந்து, பின் குறையுமானால் குற்றம் காயிலுடையது.

இரண்டாவது: குறிப்பிட்ட இடங்களைக் கடக்கும்போது மட்டும் நாற்றம் எழுந்தால், அது வெளியிலிருந்து வருவது. பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி இதற்கு ஒரு சான்று. நகரின் கழிவு நீர் கலந்ததால் அவ்வேரியில் வெண்ணுரை பொங்கிச் சாலைக்குப் பறந்ததும், 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் ஏரியில் தீப் பற்றியதும் நாடறிந்த செய்திகள். காற்றில்லாமல் அழுகும் கழிவு, அழுகிய முட்டையின் நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடுகிறது. இங்குள்ளோர் ராஜகாலுவெ என்று அழைக்கும் பெருங்கால்வாய்களின் ஓரத்திலும் இதனை உணரலாம். அத்தகைய இடங்களில் உள்காற்றே சுழலும்படி பொத்தானை மாற்றிக்கொண்டு, கடந்த பின் வெளிக்காற்றைத் திறந்துவிட்டால் போதும்.

மூன்றாவது: புளோயர் ஓடாதபோதும், வண்டியைத் திறந்தவுடனே நாற்றம் இருந்தால், அது இருக்கை, தரைவிரிப்பு, பின்பெட்டி ஆகியவற்றில் குடிகொண்டிருக்கிறது. விடுமுறை முடிந்து கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி வழியாகத் திரும்பும் நம்மவர் வண்டிகளில் என்னென்ன இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலம், தூக்குச்சட்டியில் குழம்பு, குழந்தையின் பால் புட்டி. சிந்திய பால் ஒரே நாளில் புளித்து, வாரக்கணக்கில் நாறும். நனைந்த தரைவிரிப்பைக் கழற்றி வெயிலில் உலர்த்தி, சமையல் சோடாவைத் தூவி ஓர் இரவு வைத்துப் பெருக்கி எடுப்பது நல்ல வழி.

நான்காவது: நாளுக்கு நாள் மிகுந்து குமட்டலை உண்டாக்கும் பிண நாற்றம். எலியோ பல்லியோ காற்றுக் குழாயில் நுழைந்து இறந்திருக்கும். எந்த மருந்தும் நுரையும் இதற்கு உதவா. இறந்ததை எடுத்தே தீரவேண்டும்.

இனி நண்பரின் வண்டிக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் நானும் அமர்ந்து சோதித்தோம். முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள சிறு பெட்டியைக் கழற்றினால் அதன் பின்னே கேபின் பில்டர் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் இதுவே அமைப்பு. அதனை உருவி எடுத்தபோது, வெண்மையாய் இருக்க வேண்டிய தாள் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. மடிப்புகளில் தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள். ஒரு மூலையில் பஞ்சைக் கொறித்துச் சுண்டெலி கட்டிய கூடு. இடப்புறத் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் சொதசொதவென்று ஈரம். அடிக்குழாய் அடைத்துக்கொண்டதால், வெளியே சொட்ட வேண்டிய நீர் உள்ளே வழிந்திருந்தது. அந்த ஈரத்திற்கு மேலேதான் குழந்தை நாள்தோறும் கால் நீட்டி அமர்ந்து பள்ளிக்குப் போயிருக்கிறது. நண்பர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நாங்கள் செய்தவற்றை முறையாகச் சொல்லுகிறேன், உங்களுக்கும் பயன்படலாம்.

முதற்பணி பில்டரை மாற்றுவது. பெங்களூரில் ஜே.சி. சாலையின் உதிரிப்பாகக் கடைகளில் இது எளிதாகக் கிடைக்கிறது; பெரும்பாலான வண்டிகளுக்குச் சில நூறு ரூபாயே விலை. காற்று செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறி அதன் விளிம்பில் இருக்கும். அதன்படியே பொருத்த வேண்டும். தாளால் ஆன பில்டரை நீரில் அலசி மீண்டும் மாட்டுவது சிக்கனமன்று. அதன் நுண்துளைகள் கெட்டுவிடும், ஈரம் தங்கினால் பூஞ்சையும் பற்றும். ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது பத்து முதல் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது பொது வழக்கம். புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கு இன்னும் விரைவில் மாற்றலாம். பழைய, எளிய வண்டிகள் சிலவற்றில் பில்டரே இராது. அவற்றில் காயிலைத் தூய்மை செய்வது இன்னும் இன்றியமையாதது.

இரண்டாம் பணி, முன்கண்ணாடியின் அடிப்பள்ளத்திலுள்ள சருகுகளைக் கையால் அள்ளி அகற்றுவது. இதற்குச் செலவு ஏதுமில்லை. வாரம் ஒரு முறை செய்தால் போதும்.

மூன்றாம் பணி அடிக்குழாயின் அடைப்பை நீக்குவது. ஈரமான நாளில் கால் மணி நேரம் ஏ.சி. ஓடியும் வண்டியின் அடியில் ஒரு சொட்டும் விழவில்லையெனில் அடைப்பு என்று ஐயுறலாம். வளையும் மென்மையான கம்பியால் கீழிருந்து பக்குவமாக நீக்க வேண்டும். மிகுந்த அழுத்தத்தில் காற்றையோ நீரையோ மேல்நோக்கிச் செலுத்தினால், குழாய் கழன்று நீர் மின்கருவிகளின் மீது பாய்ந்துவிடக்கூடும். வண்டியின் அடியில் புகுந்து பழக்கமில்லாதவர் இதனைப் பட்டறையாரிடம் விடுவதே நலம்.

நான்காம் பணி காயிலைத் தூய்மை செய்வது. இதற்கென்றே செய்யப்பட்ட நுரை மருந்துகள் விற்கப்படுகின்றன. எஞ்சினை நிறுத்தி, பில்டர் இருக்கும் இடத்தின் வழியாகவோ அடிக்குழாய் வழியாகவோ, புட்டியில் சொல்லியபடி நுரையைச் செலுத்தி, குறித்த நேரம் காத்திருக்க வேண்டும். நுரை கரைந்து அழுக்கோடு கீழே வடியும். பின்னர்க் கதவுகளையெல்லாம் திறந்து வைத்து, ஏ.சி. இல்லாமல் புளோயரை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். அவ்வேளையில் எவரும், சிறப்பாகக் குழந்தைகளும் இளைப்பு நோயினரும், உள்ளே இருத்தல் கூடாது. கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுதல் நன்று.

செய்யத்தகாதவை சிலவும் உண்டு. வீட்டில் பயன்படும் பிளீச்சிங் நீரையும் அமிலங்களையும் காயிலில் தெளித்தால் அலுமினியம் அரித்துப் போகும். பிறகு உண்மையாகவே கேஸ் கசியும். எரியக்கூடிய நறுமணத் தெளிப்பை மூடிய வண்டியில் தெளித்துவிட்டு எஞ்சினை முடுக்குவது நெருப்போடு விளையாடுவது. சாம்பிராணி, கற்பூரம் ஆகியவற்றை வண்டிக்குள் புகைப்பதும் அத்தகையதே. ஓசோன் கருவியால் நாற்றத்தைப் போக்குவதாகச் சொல்வோர் உளர். ஓசோன் நுரையீரலைத் தாக்கும் வாயு என்பதை மறக்கலாகாது. நறுமணப் புட்டிகளோ நாற்றத்தை மறைக்கின்றனவேயன்றி நீக்குவதில்லை. இளைப்பு உள்ளவர்க்கு அவையே இருமலைத் தூண்டவும் கூடும்.

இவ்வளவும் செய்த பின், நாற்றம் திரும்பாதிருக்க ஒரு சிறு பழக்கம் போதும். வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏ.சி.யின் பொத்தானை மட்டும் நிறுத்திவிட்டு, வெளிக்காற்றைத் திறந்து புளோயரை ஓடவிடுங்கள். குளிர் குறையும், காயில் உலரும். உணவருந்திய பின் இலையை எடுத்து இடத்தைத் துடைப்பது போன்றதே இதுவும். ஈரம் இல்லாத இடத்தில் பூஞ்சைக்கு வாழ்வில்லை.

பட்டறையில் உங்கள் குறையைக் கன்னடத்தில் சொல்ல இரண்டு மூன்று தொடர்கள் தெரிந்திருந்தால் போதும். "ஏ.சி.யிந்த கெட்ட வாசனெ பர்த்தா இதெ" என்றால் ஏ.சி.யிலிருந்து கெட்ட நாற்றம் வருகிறது என்பது பொருள். "நீரு கெளகெ பீள்த்தா இல்ல" என்றால் நீர் கீழே விழவில்லை என்பது. "பில்டர் தோர்சி" என்றால் பில்டரைக் காட்டுங்கள் என்பது. இந்த மூன்றாவது தொடரே மிகப் பயனுள்ளது. பழைய பில்டரைக் கண்ணால் கண்ட பிறகு எவரும் நம்மிடம் தேவையற்ற பழுதுகளைச் சொல்ல முன்வருவதில்லை.

இனி, இப்பேச்சின் முதன்மையான பகுதிக்கு வருகிறேன். நாற்றங்களுள் சில, அழுக்கின் அறிகுறி அல்ல, ஆபத்தின் அறிகுறி. இனிப்பான, பாகு போன்ற மணம் வீசி, முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கான மூட்டம் படிந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசிகிறது என்று கொள்ளலாம். அஃது உட்கொண்டால் நஞ்சு; எஞ்சினும் கொதித்து நின்றுவிடும். ரப்பரோ மின்கம்பியோ கருகும் மணம் வந்தால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிட வேண்டும். பெட்ரோல் மணமோ, வாயுவால் ஓடும் வண்டியில் சமையல் வாயுவின் மணமோ எழுந்தாலும் அவ்வாறே செய்க. இவற்றிற்கு நறுமணப் புட்டி வாங்கி மாட்டுவது, வீட்டில் திருடன் புகுந்தபோது குரைக்கும் நாயின் வாயைக் கட்டுவது போலாகும்.

இவை அனைத்தினும் கொடியது மணமே இல்லாத ஒன்று. அதுதான் கார்பன் மோனாக்சைடு. எஞ்சினின் புகையில் கலந்து வரும் இவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தை இது பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், உறக்கம், பின் இறப்பு. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், நிறுத்தியிருந்த கேரவன் வண்டி ஒன்றுக்குள் உறங்கிய இருவர் இறந்து கிடந்தனர். மின்னாக்கியிலிருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. இதனைக் கேட்கும் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து, அறை வாடகையை மிச்சப்படுத்த வண்டியிலேயே இரவைக் கழிக்கும் தம்பிமார் பலர். எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி.யைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ஒருபோதும் உறங்காதீர்கள். மூடிய கொட்டகையிலும் அடித்தள வண்டி நிறுத்தங்களிலும் அது இன்னும் கொடிது. நாற்றம் இல்லையே என்று நம்ப வேண்டா. நாற்றம் இல்லாமையே அந்நஞ்சின் இயல்பு.

லாரி ஓட்டுநர்க்கும் இவ்விஷயம் இன்று அயலானதன்று. 2025 அக்டோபர் முதல் நாளிலிருந்து நம் நாட்டில் செய்யப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்வசதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நாமக்கல்லிலிருந்து நாடெங்கும் ஓடும் நம் ஓட்டுநர்கள் வெப்பத்திலிருந்து விடுபடுவது மகிழ்ச்சிக்குரியது. அதனோடு காயிலும் பில்டரும் அடிக்குழாயும் அவர்கள் வாழ்வில் புகுந்துவிட்டன. மேலும் ஒன்று கூறவேண்டும். உள்காற்றையே நெடுநேரம் சுழலவிட்டால், நாம் வெளிவிடும் கரியமில வாயு வண்டிக்குள் சேர்ந்துகொண்டே போகும். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்காக உள்ள அது, நால்வர் அமர்ந்த மூடிய காரில் சில ஆயிரம் பங்கை எளிதில் எட்டும். சோர்வும் கண்ணயர்வும் அதன் பயன். இரவில் நெடுந்தூரம் ஓட்டுவோர் அவ்வப்போது வெளிக்காற்றைத் திறந்துவிடுதல் உயிர் காக்கும் செயலாகும்.

மூக்கின் ஒரு குறைபாட்டையும் சொல்லி முடிக்கிறேன். எந்த மணமும் சற்று நேரம் தொடர்ந்து வீசினால் மூக்கு அதற்குப் பழகி, உணர்வதை நிறுத்திவிடுகிறது. நம் வண்டியின் நாற்றத்தை நாமே அறியாதிருப்பது இதனாலேயே. புதிதாய் ஏறுகிறவரைக் கேளுங்கள். குழந்தை முகம் சுளித்தால், "ஒன்றுமில்லை, கண்ணாடியை ஏற்று" என்று அடக்காதீர்கள்.

நண்பரின் மகளுக்கு இளைப்பு முற்றிலும் நீங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவர் தந்த மருந்து தொடர்கிறது. ஆயினும் காலையில் காரில் எழுந்த அந்த இருமல், தூய்மை செய்த சில நாட்களிலேயே அடங்கிற்று. இப்போது பள்ளிக்குப் போகும் வழியில், வீடு திரும்பும் வழியில், ஏ.சி.யை நிறுத்தும் நேரத்தை நினைவூட்டுவது அக்குழந்தையின் வேலை. "அப்பா, அல்சூர் வந்துவிட்டது; நிறுத்துங்கள்" என்பாள். பொத்தானை அமர்த்திய பின், ஏரிக்காற்று உள்ளே வரும்.